நான்கு கல் தூரம்

ஆறு கிலோமீட்டர் என்பது அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை. எங்கள் பட்டறையிலிருந்து கோபி பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம். கோயம்புத்தூர் காலேஜ் அணியில் சேர வேண்டுமென்றால் ஒரு பெண் அந்தத் தூரத்தை இருபத்து மூன்று நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் ஓடியிருப்பீர்கள், உங்கள் வேலைக்கே ஓட்டத் தேர்வு உண்டு. ஆனால் இது வேறு மாதிரி ஓட்டம். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

இருபத்து மூன்று நிமிடத்தை ஆறால் வகுத்தால் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஐம்பது நொடி வரும். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர். அதைத் தொண்ணூற்று இரண்டு நொடியில் ஓட வேண்டும். பிளஸ் டூ படிக்கிற, ஓடிப் பழகிய எந்தப் பெண்ணும் ஒரு சுற்றை அந்த வேகத்தில் ஓடிவிடுவாள். இரண்டாவது சுற்றையும் ஓடுவாள். அப்படிப் பதினைந்து சுற்று நிற்காமல் ஓட வேண்டும் என்பதில்தான் கஷ்டம். அதுவும் கிராஸ் கன்ட்ரியில் மைதானம் கிடையாது. மண், மேடு, பள்ளம், ஈரப் புல். பள்ளியில் மூவாயிரம் மீட்டர் ஜெயித்துக் கோப்பை வாங்கிய பெண்களில் பாதிப் பேர் நாலாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். என் மகள் ரித்திகா நிற்க மாட்டாள். ஆனால் அவளுக்கு நேரம் போதவில்லை.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. இருபத்தாறு வருடமாகக் கட்டுகிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் மற்றவர்கள் உடனே பழைய கம்பியை அறுத்து எறிவார்கள். நான் முதலில் அது ஏன் எரிந்தது என்று பார்ப்பேன். கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது கரண்டு குறைவாக வந்திருக்கும், அல்லது உள்ளே மண் போயிருக்கும். காரணம் தெரியாமல் கம்பி மாற்றினால் அடுத்த மாதம் அதே மோட்டார் திரும்பி வரும். தம்பிதுரை கட்டிய மோட்டார் திரும்பி வராது என்று கவுந்தப்பாடி வரைக்கும் பேச்சு உண்டு. கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்துதான் வாங்குவேன்.

ரித்திகாவின் ஓட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

கீழ்பவானி வாய்க்கால் கரையில் மைல் கற்கள் நட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தைத் தாண்டி ஒரு கல். அங்கே கிளம்பி நான்கு மைல் ஓடினால் புளியமரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கல். ஒரு மைல் என்றால் ஒன்றரை கிலோமீட்டர். நான்கு மைல் ஆறு கிலோமீட்டர். என் அப்பா அப்படித்தான் சொல்வார், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ரித்திகா கல்லில் காலை வைத்துக் கிளம்புவாள். நான் மொபெட்டில் கூடவே போவேன். கடைசிக் கல்லில் என் மனைவி சாந்தாமணி ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது நான் போனில் சொன்னதும் அதை அமுக்குவாள். அவளை முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

சாந்தாமணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. புதன், சனி டயாலிசிஸ். மற்ற நாட்களில் கடிகாரம் பிடிப்பது அவள் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "எம் புள்ள காலேஜ் பேக்க மாட்டிக்கிட்டுக் காந்திபுரத்துல பஸ்ஸ உட்டு எறங்கோணும், அத நாம் பாக்கோணும்" என்பாள். அவள் எட்டாவதோடு நின்றவள்.

ஜனவரி தொடக்கத்தில் ரித்திகாவின் நேரம் இருபத்து நான்கு நிமிடம் ஐம்பது நொடி. ஜனவரி கடைசியில் இருபத்து நான்கு முப்பது. அதற்கு மேல் இறங்கவில்லை. கேழ்வரகுக் களி, முட்டை, மேட்டில் ஓடுவது, வாரம் ஒரு நாள் ஓய்வு, எல்லாம் செய்து பார்த்தோம். அதே இருபத்து நான்கு முப்பது. இன்னும் ஒன்றரை நிமிடம் குறைய வேண்டும். ஓட்டத்தில் ஒன்றரை நிமிடம் என்றால் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? முன்னால் ஓடுகிறவள் கோட்டைத் தாண்டும்போது இவள் கிட்டத்தட்ட ஒரு சுற்று பின்னால் இருப்பாள்.

ஓட்டத்தில் எடுத்தால் பீஸும் ஹாஸ்டலும் இலவசம். எடுக்காவிட்டால் எங்களால் முடியாது. கொடுமுடியிலிருந்து சாந்தாமணியின் அண்ணன் கிருபாசங்கர் தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது வெளிப்படையாகவே சொன்னார்.

"மாப்ள, ஓட்டத்துல எடம் கெடச்சா படிக்கட்டும், நா ஒண்ணும் சொல்லல. இல்லீன்னா ஆவணில முகூர்த்தம். எம் பையன் கதிருக்குத் தேங்காய் மண்டி இருக்குது, புள்ள ஓடவே வேண்டாம், உக்காந்து சாப்படலாம்."

ரித்திகா சமையலறையிலிருந்து, "மாமா, உக்காந்து சாப்பட்டா உங்களாட்டம் ஆயிருவனுங்க" என்றாள். அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் போன பிறகு அவள் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய், "என்ன கண்ணு" என்றேன். "ஒண்ணரை நிமிசம்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. காயில் கட்டும்போது கம்பிச் சுற்றை எண்ணுவதற்குப் பதிலாக நொடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சாந்தாமணி ஒரு நாள் சொன்னாள்: "ஏனுங்க, இந்தக் கல்லெல்லாம் எந்தக் காலத்துல நட்டதோ. ஒருக்கா வண்டி மீட்டர்ல அளந்து பாத்துப்போடலாமுங்க."

நான் சிரித்தேன். மொபெட் மீட்டர் டயர் காற்றுக்குத் தகுந்த மாதிரி பொய் சொல்லும். கல் நட்டவன் சங்கிலி போட்டு அளந்து நட்டிருப்பான். அவளிடம் அதை விளக்கினேன். "சரிங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், விளக்கிச் சொன்னால் ஒப்புக்கொள்வாள்.

இப்போது ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடுகிற உடம்பில் காலும் மூச்சும் தெரிகிறது, ரத்தம் தெரிவதில்லை. மூச்சில் போகும் காற்றைக் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு. ரித்திகாவின் கால் நல்ல கால். நுரையீரலும் நல்லது. மோட்டாரும் சரி, குழாயும் சரி, ஊற்றுதான் போதவில்லை. சிவப்பணு கொஞ்சம் அதிகமாக இருந்தால் அதே பெண் அதே பாதையில் அதே மூச்சில் வேகமாக ஓடுவாள்.

சிவப்பணுவைச் செய்வது எலும்பு மஜ்ஜை. செய் என்று அதற்கு உத்தரவு அனுப்புவது எது தெரியுமா? சிறுநீரகம். எனக்கும் தெரியாது. சாந்தாமணியின் டாக்டர்தான் சொன்னார். நான் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் என்பதால், மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டே காட்டினார். சிறுநீரகம் போய்விட்டால் உத்தரவும் நின்றுவிடும், ரத்தம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் டயாலிசிஸ் ஆட்களுக்கு வாரம் இரண்டு ஊசி. அந்த ஊசியில் இருப்பது அந்த உத்தரவுதான். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊசி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருந்தது.

டயாலிசிஸ் நர்ஸ் சபுரா எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருந்தாள். மேல் கையில் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவது. சாந்தாமணிக்கு டயாலிசிஸில் வாரம் இரண்டு நாள் பெரிய ஊசி குத்தியும் பயம் போகவில்லை. நான் ஊசியை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போட்டாச்சுங்களா, போட்டாச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எந்த ஊசி என்று அவள் பார்த்ததே இல்லை.

மார்ச் முதல் வாரத்திலிருந்து பாதிப் பாதி. வாரத்தில் ஒன்று அவளுக்கு, ஒன்று ரித்திகாவுக்கு. ரித்திகாவிடம் சத்து ஊசி என்று சொன்னேன். சாந்தாமணிக்கு அந்த நாளில் நிஜமாகவே சத்து ஊசி வாங்கிப் போட்டேன். வெறும் தண்ணீரைப் போட்டு ஏமாற்றவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் வாய்க்கால் கரையில் இருபத்து மூன்று நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. நாற்பது நாள் அசையாத எண் முப்பத்தைந்து நொடி இறங்கியிருந்தது. சாந்தாமணி ஸ்டாப்வாட்சை என்னிடம் காட்டினாள். அவள் விரல் நகம் வெளுத்திருந்தது. "கை நடுங்கிப்போட்டுதுங்க, நேரந் தப்பா அமுக்கிட்டனோ?" என்றாள். இல்லை, சரியாகத்தான் அமுக்கியிருந்தாள்.

சபுரா ஆஸ்பத்திரியில் கேட்டாள். "ஏனுங்ணா, அக்காவுக்கு ரத்தம் எறங்கிட்டே போகுது. பத்துல இருந்துச்சு, இப்ப எட்டரை. ஊசிய ஃப்ரிட்ஜ்லதான வெக்கறீங்க?"

"ஃப்ரிட்ஜ்லதானுங்க."

"கரண்டு போச்சுன்னா ஐஸ் வெச்சுக்கோங்ணா. கெட்டுப்போன மருந்தப் போட்டாப் பிரயோசனமில்ல."

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சில பேருக்கு இந்த மருந்து சரியாக வேலை செய்யாது என்றார். வாரம் இரண்டை மூன்றாக்கினார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் எழுதினார். அந்த மூன்றாவதை ரித்திகாவுக்குக் கொடுத்தேன். சாந்தாமணியின் பங்கில் நான் கை வைக்கவில்லை. அவளுக்கு அதே ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது.

ரித்திகாவின் உடம்பை நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தம் கெட்டியானால் இதயம் கஷ்டப்படும், ஆயிலைத் தண்ணீர் மோட்டாரில் இறைக்கிற மாதிரி. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தேன். மாதம் ஒருமுறை லேபில் ஹீமோகுளோபின் பார்த்தேன். பன்னிரண்டரை, பதினான்கு, பதினாறு. அம்மாவின் ரிப்போர்ட்டும் மகளின் ரிப்போர்ட்டும் என் பட்டறை மேஜைக்குள் ஒரே கவரில் இருந்தன. நீங்கள்தான் எடுத்திருப்பீர்கள்.

மே மாதத்தில் சாந்தாமணியால் வாய்க்கால் மேட்டில் ஏற முடியவில்லை. நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. நான் தூக்கிக்கொண்டு ஏறினேன், கனமே இல்லை. ஒரு வாரம் அப்படிச் செய்தோம். பிறகு அவளே, "வேண்டாமுங்க, நானொருத்தி எதுக்கு எடஞ்சலா. நீங்களே பாத்துக்குங்க" என்று ஸ்டாப்வாட்சை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். டாக்டர் ரத்தம் ஏற்றச் சொன்னார். நான் என் கையிலிருந்து ஒரு யூனிட் கொடுத்தேன். மனைவி மேல் பாசம் இல்லாதவன் செய்கிற காரியமா அது?

தேர்வுக்கு முந்தின மூன்று வாரம் மூன்று ஊசியும் ரித்திகாவுக்குத்தான். அது தற்காலிகம் என்று முடிவு செய்திருந்தேன். ஜூன் பத்துக்குப் பிறகு எல்லாம் சாந்தாமணிக்குத் திரும்பிவிடும்.

ஜூன் பத்தாம் தேதி கோயம்புத்தூர் போனோம். காலேஜுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் ஆறு கிலோமீட்டர் கொடி நட்டிருந்தார்கள். முப்பத்தொரு பெண்கள். ரித்திகா முதலாவதாக வந்தாள். நேரம் இருபத்தொரு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. முந்தின வாரம் வாய்க்கால் கரையில் அவள் ஓடியது இருபத்து மூன்று இருபது. ஊர் மாறினால், போட்டி என்றால், கொஞ்சம் வேகம் கூடும். ஆனால் நேரம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் குறையாது. எங்கேயோ அளவு இடிக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

விளையாட்டு இயக்குநர் கோவிந்தராஜுலு வேகமாக வந்தார். "ஏனுங்க, பொண்ணு எங்கீங்க பிராக்டீஸ் பண்ணுது?"

"கீழ்பவானி வாய்க்கா கரையிலீங்க. நாலு மைல் கல்லு. ஆறு கிலோமீட்டர்."

"நாலு மைலு ஆறா? யாருங்க சொன்னது?"

"மைலு ஒண்ணரைங்களே."

அவர் சத்தமாகச் சிரித்தார். "ஒண்ணு புள்ளி ஆறுங்க! நாலு மைலுன்னா ஆறு நானூத்திச் சொச்சம். புள்ளய ஒரு ரவுண்டு சேத்தியே ஓட்டியிருக்கறீங்க. ஜனவரி, பிப்ரவரில எவ்வளவு ஓடுச்சு?"

"இருவத்தி நாலு முப்பது" என்றாள் ரித்திகா.

அவர் செல்போனில் கணக்குப் போட்டார். "ஆறுக்கு இருவத்திரெண்டு அம்பதுதான் வருது. அட, அப்பவே பாஸு கண்ணு! அன்னைக்கே வந்திருந்தீன்னா நானே கேட்டுல நின்னு கூப்புட்டிருப்பேன்."

ரித்திகா சிரித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, செலக்டட்! ஆனா கேளு, இந்தப்பா தெனமும் நானூறு மீட்டரு சும்மா ஓட உட்டிருக்கறாரும்மா!"

சாந்தாமணி சிரிப்பது கேட்டது. சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கியது. பிறகு, "நாந்தான் அன்னைக்கே அளக்கச் சொன்னனில்லீங்க" என்றாள். கோபமாக இல்லை. அவள் சொன்னது ஒன்று சரியாகிவிட்ட சந்தோஷம்தான்.

அவள் ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை, டயாலிசிஸ் நாற்காலியில் இரண்டாவது மணி நேரத்தில் இறந்தாள். இதயம் நின்றுவிட்டது. ரத்தம் குறைந்தால் இதயம் இருக்கிற கொஞ்சத்தையே திரும்பத் திரும்பச் சுற்றிவிட வேண்டும். ஓய்வே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரிதான். சபுரா நெஞ்சை அமுக்கிப் பார்த்தாள். நான் மனம் நொந்துவிடக் கூடாது என்று, "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்ணா" என்று அழுதாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். காலேஜில் சேர ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். கருமாதிக்கு வந்த சபுராவிடம் ரித்திகா அதைக் காட்டினாள். பதினேழு என்று இருந்தது. சபுரா, "அம்மாவுக்கு ஆறு, உனக்குப் பதினேழா? என்ன அம்மணி சாப்படறே?" என்று கேட்டாள். ரித்திகா, சத்து ஊசி என்று சொல்லி ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். சபுரா உள்ளே இருந்த காலி டப்பாவை எடுத்து, அதில் எழுதியிருந்த சாந்தாமணியின் பெயரைப் படித்தாள். பிறகு ரித்திகா என்னைப் பார்த்தாள். அதற்குப் பின் என்னிடம் பேசவில்லை.

அவள் ஓட மாட்டேன் என்று சொல்வதாகச் சொன்னீர்கள். இப்போதைக்கு நல்லதுதான். ஒரு சிவப்பணுவின் ஆயுள் நூற்றிருபது நாள். அக்டோபர் கடைசிக்குள் அவள் ரத்தம் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஓடச் சொல்லுங்கள்.

நீங்கள் முன்னால் கேட்டதற்கு வருகிறேன். ஜூன் பத்தாம் தேதியே அளவு தப்பு என்று தெரிந்துவிட்டது, இடமும் கிடைத்துவிட்டது. பத்துக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஆஸ்பத்திரியில் ஏழு ஊசி கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏழும் எங்கே போயின என்று கேட்டீர்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதே நான் கணக்குப் போட்டேன். இருபத்தொன்று நாற்பத்திரண்டு ஓடுகிற பெண், இன்னும் கொஞ்சம் கூட்டினால் இருபத்தொன்றுக்கே வந்துவிடுவாள். அது காலேஜ் அணிக்கான வேகம் இல்லை, அதற்கு மேலே. டிசம்பரில் பல்கலைக்கழகப் போட்டி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரை யாரும் நடுவில் நிறுத்திப் பிரிக்க மாட்டார்கள். பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் 21.00 என்று எழுதி வைத்தேன். சாந்தாமணிக்கு அடுத்த மாதத்திலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏழும் ரித்திகாவுக்குத்தான் போட்டேன். எல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இருங்கள், ஒரு தடவை படித்துவிடுகிறேன்.

இரண்டாவது பக்கத்தில் வாய்க்கால் கரையில் ஆறு கிலோமீட்டர் ஓட வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நான் நூறு மீட்டர் டேப் வாங்கிக்கொண்டு போய் அந்த நான்கு கல்லையும் அளந்துவிட்டேன். ஆறாயிரத்து நானூற்று முப்பத்தேழு மீட்டர். அதை மட்டும் திருத்திவிடுங்கள், அம்மா. தப்பான அளவுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது.